களாச்செடிப் பக்கம் வேண்டாம்

பத்து நாளாக நெசவாளர் பஞ்சாட்சரம் காவேரி வீட்டு வாசலில் பாவு கட்டவில்லை.

விடிந்ததும் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ஏழெட்டுப் பேர் இருபுறமும் நின்று இழை சரிபார்ப்பார்கள். வருஷக்கணக்காக அது காவேரி வாசல் வேப்பமர நிழலில்தான் நடந்தது. இப்போது வெயிலடிக்கும் தெருக்கோடிக்குப் போய்விட்டார்கள்.

எல்லாம் களாச்செடியால்தான் என்று காவேரிக்குப் பட்டது.

குருவிகள் வரட்டும் என்று அவள் போட்ட தோட்டத்தில் எந்த வெயிலுக்கும் அசராமல் தழைத்தது அது ஒன்றுதான். தென்னேரியிலிருந்து கன்றாகக் கொண்டுவந்தது. இன்று வேலி தாண்டித் தெருவில் முள்ளை நீட்டுகிறது. முள் பட்டால் பட்டிழை போச்சு. மனுஷர் வாயைத் திறந்து சொல்லாமல் வெட்டத் திட்டம் போடுகிறார்.

போன வாரம் ஸ்கூட்டரைச் செடி ஓரமாக நிறுத்த வேண்டாம் என்றார். ஏனாம்? வருஷா வருஷம் ஊறுகாய்க்குக் களாக்காய் கேட்டு வரும் அவர் மனைவி அம்சவேணியும் இந்தத் தடவை எட்டிப் பார்க்கவில்லை.

கணவன் முத்துக்குமாரிடம் சொன்னாள். "வெட்டப் போறவரு உன் வண்டிய பத்திரமா எடுக்கச் சொல்லிட்டு வெட்டுவாரா?" என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடியற்காலை பஞ்சாட்சரம் செடிக்குள் குனிந்து, கிளையை விலக்கிக்கொண்டிருந்தார். காவேரி கதவைப் படாரென்று திறந்தாள்.

"செடி மேல கை வச்சீங்க, கவுன்சிலர்கிட்ட சொல்லி இந்தத் தெருவுலயே பாவு கட்ட முடியாம பண்ணிடுவேன்."

அவர் திரும்பி, கையைத் தாழ்த்திக் காட்டினார்.

"மெதுவா பேசும்மா. கொண்டைக்குருவி குஞ்சு பொரிச்சிருக்குது. நாங்க எட்டுப் பேரு இங்க கத்திக்கினு நின்னா தாய் எழுந்து ஓடிடுது, காக்கா வந்துடுது. அதான் அந்தாண்ட போயிட்டோம். குஞ்சுங்க பறந்துட்டா வந்துடுவோம்."

காவேரி குனிந்தாள். முள்ளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி ஒரு கூடு. அதில் மூன்று வாய்கள் திறந்திருந்தன.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணா..."

பஞ்சாட்சரம் அவளை வியப்பாகப் பார்த்தார்.

"குருவிங்களுக்குன்னே செடி வச்சவ நீ. தெனம் தண்ணி ஊத்துற. உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."