ஓடெல்லாவின் ஒரிஜினல்

"இது டூப்ளிகேட்."

வாசற்படி ஏறுவதற்குள்ளேயே கோகுலகிருஷ்ணன் சொல்லிவிட்டார். அரியலூரிலிருந்து லப்பைக்குடிக்காடு வரை பைக்கில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தை.

கதவைத் திறந்த தௌஃபீக், அவர் கையிலிருந்த இசைத்தட்டைப் பார்த்தார். போன வாரம் ஆன்லைனில் தான் விற்ற தட்டு.

"வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள வாங்க சார். ஹஃபீசா, சாருக்குத் தண்ணி கொண்டா."

"தண்ணியெல்லாம் வேணாங்க. இது ஒரிஜினல் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

கோகுலகிருஷ்ணனுக்கு சிமென்ட் ஆலை லேபில் வேலை. உயிர் மட்டும் அமெரிக்காவில். அறுபது, எழுபதுகளில் அங்கே கறுப்பினத்துக்காரர்கள் பாடிய 'சோல்' பாட்டு என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அந்தக் காலத்துத் தட்டுகளைத் தேடித் தேடி வாங்குவார்.

அதைவிட, போலித் தட்டைப் பிடிப்பதில்தான் அவருக்குப் பெயர். ரெண்டாயிரம் பேர் இருக்கிற இணையக் குழுவில் அவர் 'டூப்ளிகேட்' என்று ஒரு வார்த்தை போட்டால், விற்றவர் கடையைக் கட்ட வேண்டியதுதான். தௌஃபீக்கைப் பற்றியும் பெயர், ஊரோடு எழுதி வைத்தாயிற்று. நேரில் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போடலாம் என்றுதான் கிளம்பி வந்தார்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார் தௌஃபீக், நிஜமான ஆர்வத்தோடு.

கோகுலகிருஷ்ணன் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். கோபத்தை மீறி ஒரு குஷி வந்துவிட்டது.

"பாட்டு முடியிற இடத்துக்கும் நடுவுல இருக்கிற லேபிளுக்கும் இடையில ஒரு வெறும் வளையம் தெரியுதா? அதுல ஒரு நம்பர் இருக்கு பாருங்க. ஒரிஜினல்ல மெஷின்ல குத்தியிருப்பாங்க, எல்லாம் ஒரே சீரா நிக்கும். இதுல யாரோ கையால கீறியிருக்காங்க. இந்த ஏழு பாருங்க, சாஞ்சுக்கிட்டு நிக்குது. லேபிளும் ஸ்கேன் பண்ணி அடிச்சது. சின்ன எழுத்தெல்லாம் மை ஊறிப்போச்சு."

"சரியாச் சொன்னீங்க. வெளிநாட்டுல ஆர்டர் குடுத்து நான்தான் முந்நூறு தட்டு போட்டேன். ஒரிஜினல்னு எங்கயும் எழுதலை சார்."

"டூப்ளிகேட்னும் எழுதலையே."

தௌஃபீக் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அது தப்புத்தான்" என்றார்.

மல்லுக்கட்டத் தயாராக வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"பாடினவங்க வயித்துல அடிக்கிறோமேன்னு உங்களுக்குத் தோணலையா? இதைப் பாடின ஓடெல்லா சாதாரணக் குரலா? இந்த ஒரு பாட்டோட அவங்களை ஓரங்கட்டிட்டாங்க. இதோட ஒரிஜினல் என்கிட்ட இருக்கு. லண்டன் வியாபாரிகிட்ட எண்பதாயிரம் குடுத்து வாங்கினேன். என் வீட்டுக்காரி கவிதா ஒரு மாசம் என்னோட பேசலை. பரவாயில்லைன்னு இருந்தேன். கலைஞருக்கு நாம செய்ற மரியாதைங்க அது."

தண்ணீர்ச் சொம்போடு வந்த ஹஃபீசா, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டார்.

"அந்த எண்பதாயிரத்துல அவங்களுக்கு எவ்வளவுங்க போச்சு?"

"அது... பழைய தட்டு கைமாறினா பாடினவங்களுக்கு ஒண்ணும் போகாதுங்க. வியாபாரிக்குத்தான்."

"ஓ" என்று சொம்பை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார் ஹஃபீசா.

தௌஃபீக் மணியைப் பார்த்தார். சாயங்காலம் ஐந்து.

"அங்க இப்பத்தான் விடிஞ்சிருக்கும்" என்று போனை எடுத்து, வீடியோ காலைப் போட்டு மேசைமேல் சாய்த்து வைத்தார்.

திரையில் தலையணைகளுக்கு நடுவே ஒரு வயதான கறுப்பினப் பெண்மணி. பஞ்சு மாதிரி நரைத்த தலை. மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

"டஃபீக்! சாப்பிட்டியா?"

ஆங்கிலத்தில்தான் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் கோகுலகிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார். முகம் தெரியாது, அந்தக் குரலைத் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தினமும் கேட்கிற குரல்.

"துபாய்ல நான் ரூம் பாயா இருந்த ஹோட்டல்ல பாடிட்டிருந்தாங்க சார்" என்றார் தௌஃபீக், தணிந்த குரலில். "எனக்கு டைபாய்டு வந்து கிடந்தப்ப பதினஞ்சு நாளு சூப் வச்சுக் கொண்டாந்து குடுத்தாங்க. இப்ப அமெரிக்காவுல முதியோர் இல்லத்துல தனியா இருக்காங்க. பாட்டோட உரிமை கம்பெனிக்காரன்கிட்ட. இவங்க எத்தனையோ லெட்டர் போட்டும் பத்துப் பைசா வரலை. அதான் இப்படிப் பண்ணேன். தட்டு வித்த காசு மொத்தமும் மாசாமாசம் அங்க போயிரும். அல்லா அறிய, நான் ஒரு ரூபாய் எடுக்கலை."

கோகுலகிருஷ்ணன் லென்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

தௌஃபீக் போன் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துவைத்தார். "அம்மா, இவரு உங்க ரசிகர். உங்க ரெக்கார்டோட ஒரிஜினலே வச்சிருக்காரு."

கிழவி சட்டென்று திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"நிஜமாவாப்பா? அடுத்த தடவை பேசும்போது அதை எனக்குக் கொஞ்சம் காட்டுவியா? கம்பெனிக்காரங்க அன்னைக்கு எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கலை. டஃபீக் அனுப்பினதுதான் நான் தொட்டுப் பார்த்த முதல் தட்டு."