கற்கண்டு இல்லாத பேழை

வெற்றி விழாவில் மன்னர் அதிகாரிகளுக்குப் பரிசளிக்கும் பீங்கான் பேழைகளைத் துடைத்து நிரப்புவது என் வேலை. ஒவ்வொரு மூடியிலும் மன்னரின் முகம் தீட்டியிருக்கும். உள்ளே கற்கண்டு இருந்தால் பதவி நிலைக்கும். காலியாக இருந்தால், காரணம் கேட்காமல், பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். இந்த வருடம் காலிப் பேழைக்கென்று மன்னர் எந்தப் பெயரும் சொல்லவில்லை. ஆனால் சபையில் தளபதி பொறையன் தன் பேழையைத் திறந்தார், மூடினார், கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே நடந்தார். அந்த மூடியில் மன்னரின் மீசைமேல் படிந்த தூசியை ஊதி ஊதித் துடைத்ததில், நிரப்ப மறந்திருந்தேன்.

மாலையில் அவர் மனைவி பேழையோடு கிடங்கு வாசலுக்கு வந்தாள். தெருவில் பாத்திரம் ஏற்றிய வண்டி நின்றது.

"அண்ணே, இவர் ஒரு தப்பும் பண்ணலையே. நீங்க போட மறந்துட்டீங்களா?"

மறந்தவன் கையை வெட்டிவிடுவார்கள். "மறக்கிற வேலையாம்மா இது?" என்றேன்.

அவள் பேழையை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் அதில் கற்கண்டை அள்ளி அள்ளிப் போட்டேன். எவ்வளவு அழுத்தியும் மூடி உட்காரவில்லை.