காலித் தொட்டி

நாளைக்குப் பன்றியை வெட்டப் போகிறார்கள். அதனால் இன்று அதற்குத் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும்தான். காலியாகக் கிடந்த தீனித்தொட்டிக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை. பன்றி வந்து ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

பன்றி வந்தது. எதுவும் கேட்காமல், தொட்டியின் மூலையில் காய்ந்து ஒட்டியிருந்த தவிட்டை நக்கத் தொடங்கியது.

“அதுல என்னடி இருக்கு, விடு,” என்றது தொட்டி.

“முற்றத்துல பெரிய அண்டாவைக் கழுவுறாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியும்,” என்றது பன்றி. “இத்தனை நாள் வயிறாரப் போட்டவ நீ. உன்னை அழுக்கா விட்டுட்டுப் போகலாமா?”

பன்றி அடுத்த மூலைக்கு நகர்ந்தது.

“அடுத்து வர்ற குட்டியும் உனக்குள்ள தவறி விழும். நான் விழுந்தப்ப சிரிச்ச மாதிரி சிரிச்சிடாத. பாவம், பயந்துடும்.”

“சிரிக்க மாட்டேன்டி.”

பன்றி கடைசி மூலையையும் நக்கி முடித்தது.