தலைமாட்டு விளக்கு

புது எண்ணெய் வருவது நின்றுபோனபின், இருக்கிற எண்ணெயெல்லாம் கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரங்களுக்குப் போனது. எரிந்த எண்ணெய் திரும்பி வராது என்பதால் விளக்கேற்றத் தடை. அழுக்கான எந்திர எண்ணெயைக் கலத்தில் ஊற்றி, அதிவேகமாகச் சுழற்றிச் சுத்தம் செய்வது பேச்சிமுத்துவின் வேலை. கலத்தின் சுவரில் அப்பிக்கொள்ளும் கறுப்பு மண்டியைச் சுரண்டிக் குழியில் கொட்டுவார்.

ஊரில் யாராவது செத்தால் தலைமாட்டில் விளக்கேற்ற அந்த மண்டியில் ஒரு கை கேட்டு வருவார்கள். கொடுப்பார். குப்பைதானே.

அன்று செத்தது அவர் மனைவி சந்தனமாரி.

“விளக்கு இல்லாம அக்காவ எப்படி அனுப்ப, அத்தான்?” என்றாள் மைத்துனி.

அவர் சட்டியில் மண்டியை வைத்து, திரியைச் செருகிப் பற்றவைத்தார். தலைமாட்டில் அது புகைந்து புகைந்து எரிந்தது.

குடிநீர் நிலையப் பொறியாளர் அருள்ராஜ் மாலையோடு வந்தார். நல்ல மனிதர்தான், வேறெந்த அதிகாரியும் பேச்சிமுத்துவின் தெருவுக்குள் வந்ததில்லை. மாலையைப் போட்டவர் சந்தனமாரியின் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது நம்ம கலத்து மண்டியா?”

“ஆமா சார். வெறும் குப்ப.”

“குப்பை இப்படி எரியாதே, பேச்சிமுத்து. இதுல இன்னும் எண்ணெய் இருக்கு.”

அருள்ராஜ் விளக்கை அணைக்கவில்லை. பிணத்தைத் தூக்கும்வரை காத்திருந்து, சட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுவாரம், மிச்ச எண்ணெயும் பிரிய, கலத்தின் வேகத்தைக் கூட்டினார்கள். இப்போது சுவரில் உலர்ந்த பொடிதான் ஒட்டுகிறது. கீழத்தெருவில் ஒரு குழந்தை இறந்தது. அதன் தகப்பன் வழக்கம்போல் வந்து கையேந்தினான். பேச்சிமுத்து பொடியை அள்ளிப் போட்டார். எரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.