ரெண்டு புள்ளி நாலு

டயட்டீஷியன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த சகோதரிகளில் கன்னம் ஒட்டிப்போயிருந்த அக்காவைக் கடிந்துகொண்டார்.

"அல்புமின் ரெண்டு புள்ளி நாலு. ரத்தத்துல புரதம் இவ்ளோ குறைஞ்சா, புற்றுநோய் ஆபரேஷனை உடம்பு தாங்காதும்மா. ஏன் சாப்பிட மாட்டேங்கிறீங்க?"

"சாப்பாடே இறங்கலை மேடம்."

பூசினாற்போல் இருந்த தங்கை மூன்றாவது தடவையாக எழுந்தாள். "போலாம்க்கா."

"நீங்க உட்காருங்க. நீங்க மட்டும் நல்லா சாப்பிட்டாப் போதுமா? அக்காவுக்கு எடுத்துச் சொல்ல வேணாமா?"

தங்கை உட்கார்ந்தாள். அக்கா அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, கணுக்காலில் விரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"இது சதையில்ல மேடம், நீர். புரதம் குறைஞ்சதால வந்த வீக்கம். நோய் இவளுக்குத்தான். இவ ஒரு வாய் வெச்சாத்தானே எனக்கும் இறங்கும்?"

டயட்டீஷியன் ரிப்போர்ட்டைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"ரெண்டு சாப்பாட்டுப் பட்டியல் எழுதுறேன். தங்கச்சிக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."