எருமையின் காதும் கீரியின் வாலும்

மூணு சீட்டு ஆட்டத்தில் எருமையை ஜெயிக்க அதன் காதைப் படித்தால் போதும் என்று, கீரி ஒரு மாதமாகக் கண் வலிக்க வலிக்க அந்தக் காதையே பார்த்தது. இடது காது ஆடினால் நல்ல சீட்டு, வலது காது ஆடினால் வெத்துச் சீட்டு என்று முடிவும் கட்டியது. அதை நம்பியே ஒரு மூட்டை வேர்க்கடலையைத் தோற்றது. ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

"எருமையண்ணே, உங்க காது ஏன் இப்படிப் பொய் சொல்லுது?"

"ஈ உட்காருதுப்பா, விரட்டுறேன். எனக்குக் கிட்ட இருக்கிறது எதுவும் தெரியாது. என் கையில என்ன சீட்டுன்னே தெரியாது."

"அப்புறம் எதை வச்சு ஆடுறீங்க?"

"எதிர்ல உன் வால் நல்லாத் தெரியுது. அது சிலிர்த்தா சீட்டைக் கவுத்துடுவேன். சிலிர்க்கலைன்னா ஏத்திக் கட்டுவேன்."

கீரி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைப் போட்டது. ஆளுக்கு ஒரு கடலையை நடுவில் வைத்தார்கள். கீரி தன் சீட்டைப் பிரித்தது. மூன்றும் ஏஸ். பிறந்ததிலிருந்து அதற்கு அப்படி வந்ததில்லை. வால் சிலிர்ப்பதற்குள் அதை மடக்கி அடியில் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த கடலை அத்தனையையும் நடுவில் தள்ளியது.

எருமை எட்டிப் பார்த்தது.

"வாலை ஒளிச்சுட்டியா? அப்போ பெரிய சீட்டுதான். நான் ஆட்டத்துக்கு இல்லப்பா."

கீரி நடுவில் கிடந்த கடலைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஜெயித்த அந்த ஒரே ஒரு கடலையை எடுத்து உடைத்தது.

சொத்தை.