பின் சீட்டு

"பைக்குல பின் சீட்டுக்காரங்க கால் வைக்கிற இடது பக்கத்து ஃபுட்ரெஸ்ட் மட்டும்தான்மா தேஞ்சிருக்குது. வலது பக்கம் பாருங்க, ரப்பர் புத்தம் புதுசா அப்படியே இருக்குது" என்று மெக்கானிக் அருள் சொன்னதும் ஜாஹ்னவிக்கு வயிற்றைப் புரட்டியது.

புரட்டியதற்குப் பாதிக் காரணம் ஐந்து மாதக் கர்ப்பம். மீதிப் பாதி, எதிரே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற அவள் கணவன் ராமானுஜ்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் நான்தான் புது ரப்பர் போட்டேன். தெனம் ஆளு ஏறாம இப்படித் தேயாதும்மா" என்றான் அருள்.

பின்னால் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்தால் இரண்டும் தேயும். ஒன்று மட்டும் தேய்ந்தால், ஒரு பக்கமாக உட்கார்ந்து போகிற புடவைக்காரி. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டுமா என்ன? ஜாஹ்னவியோ அந்த பைக்கில் ஒரு நாள்கூட ஏறியதில்லை. டாக்டர் இரு சக்கர வண்டியே கூடாது என்று சொல்லிவிட்டார்.

சங்கிலிக்குப் பதிலாக ஒரு இரும்புத் தண்டு பின் சக்கரத்தைச் சுழற்றும் வெளிநாட்டு பைக் அது. பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்ததை ராமானுஜ் ஆசையாக வாங்கி வந்தான். ஒரு வாரமாகப் பின்பக்கம் கடகடவென்று சத்தம், கூடவே அதிர்வு. அதற்குத்தான் ஓரிக்கைப் பட்டறையிலிருந்து அருளை வீட்டுக்கே வரவழைத்திருந்தான்.

அருள் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினான். சத்தம் இல்லை. கியர் ஆயிலை வடித்துப் பார்த்தான். இரும்புத் துகள் ஒன்றும் இல்லை. தனியாக ஓட்டிப் பார்த்தான், பூனை மாதிரி போயிற்று. கடைசியில் மளிகைக் கடையில் இரண்டு அரிசி மூட்டை கேட்டு வாங்கிப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு தெருவைச் சுற்றினான். கடகட கடகட!

"பின்னால ஆளு உக்காந்தா வண்டி இறங்குதும்மா. தண்டு சாயுது, ஜாயின்ட் சத்தம் போடுது. சார் தனியா ஓட்டுனா சத்தமே வராது" என்று அவன் சொன்ன பிறகுதான் ஃபுட்ரெஸ்ட் விவகாரம் வெளியே வந்தது.

வாசல்படியில் மாமியார் வரலக்ஷ்மி, வடித்த ஆயிலின் நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"சீ, கண்றாவி! மாட்டுத்தோல் சீட்டு போறாதுன்னு அழுகின முட்டையாட்டம் நாத்தம் வேற. பெருமாள் புறப்பாடு வர வீதிடா இது!"

பைக் வந்த நாளிலிருந்து அவர் இப்படித்தான். வண்டியைத் தொட்ட கையோடு ராமானுஜ் சமையலறைப் பக்கம் வரக்கூடாது. மாமியார் சொல்வதுதான் சரி என்று கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஜாஹ்னவிக்குத் தோன்றியது. பைக் மட்டுமா, அதை ஓட்டுகிறவனும் கண்றாவிதான்.

"யாரு அவ?"

"யாருமில்லைடி."

"அப்போ அரிசி மூட்டையா தினம் புடவை கட்டிண்டு வந்து உக்காந்தது?"

ராமானுஜ் தலையைக் குனிந்துகொண்டான். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் ஜாஹ்னவி. என்னை விட்டுடு."

சத்தியமாம் சத்தியம்! அக்னி சாட்சியாகத் தாலி கட்டியவளுக்குக் கொடுத்தது என்னவாம்? அவன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

தினமும் விடியற்காலையில் இவள் குளியலறையே கதியென்று வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாள். மாமியார் வாக்கிங் போயிருப்பார். 'ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்' என்று இவனும் கிளம்பிவிடுவான். ஒரு டம்ளர் வெந்நீர் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது. அந்த நேரத்தில் எவளையோ ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறான் பாவி. நினைக்க நினைக்க, அவன் தொட்ட தன் உடம்பே அவளுக்கு அருவருத்தது.

விறுவிறுவென்று உள்ளே போனாள். நான்கு புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

"நான் எங்கப்பா ஆத்துக்குப் போறேன். குழந்தை பொறந்தா தகவல் வரும். பார்க்கன்னு ஒருத்தரும் வர வேண்டாம்."

"கொஞ்சம் இரும்மா, அவசரப்படாதே" என்றார் வரலக்ஷ்மி.

"நீங்க குறுக்கே வராதீங்கோம்மா. உங்க பிள்ளையை நீங்களே வெச்சுக்கோங்கோ."

ராமானுஜ் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். ஜாஹ்னவி கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அருள் ஸ்பேனரைக் கையில் உருட்டியபடி நெளிந்தான். எப்படியாவது இந்த இடத்தை விட்டுக் கிளம்பினால் போதும் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க, நான் போயிடறேன். சத்தத்தைப் புடிச்சிட்டேன். அந்த அதிர்வு எந்த ஸ்பீடுல ஆரம்பிக்குது? அதை வச்சுத்தான் எதைக் கழட்டணும்னு தெரியும்."

"நாப்பதுல" என்றான் ராமானுஜ், யாரையும் பார்க்காமல். "அதுக்கு மேல நான் ஓட்டறதே இல்லை."

வாசல்படியில் மூக்கைப் பொத்தியிருந்த முந்தானை விலகியது. வரலக்ஷ்மிக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டா புளுகறே? பைபாஸ்ல எண்பதைத் தாண்டினப்பறம்தானேடா என் முதுகு கிடுகிடுன்னு ஆடித்து!"